பதினோரு இறக்கை உடைந்த கணக்கு

எனக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கடை. போர்வெல் சப்மெர்சிபிள், விசைத்தறி மோட்டார், மாவு மில் மோட்டார், வெயில் காலம் வந்தால் டேபிள் ஃபேன் என்று இருபத்திரண்டு வருடமாக எரிந்துபோன கம்பியின் வாசனையிலேயே பிழைப்பு ஓடுகிறது. ட்ரோனுக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. அக்கா மகன் அதை ஒரு சாக்குப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து கடை மேஜையில் வைக்கிறவரை.

அவன் இன்ஜினியரிங் கடைசி வருடம். நாலு பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட்: ஏற்காட்டுக் காபித் தோட்டத்தை மேலிருந்து படம் பிடித்து, நிழல் மரம் எங்கே அடர்த்தி, எங்கே குறைவு என்று பார்ப்பது. மற்ற மூன்று பேரும் "நாங்க ரிப்போர்ட் எழுதுறோம்" என்று நழுவிவிட்டார்கள். ட்ரோன் கட்டுகிற வேலை இவன் தலையில். முழு ட்ரோனாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்க 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது, உதிரிபாகத்துக்குத் தடை இல்லை. அதனால் பாகம் பாகமாக வாங்கி வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பூட்டியிருக்கிறான்.

சாமான் எல்லாம் பையன்கள் வழக்கமாக வாங்குவதுதான். எஃப்450 சட்டம், ஏ2212 மோட்டார் நாலு, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி நாலு, ட்ரோனுக்கு மூளையான பிக்ஸ்ஹாக் 2.4.8 போர்டு, அதில் ஆர்டுபைலட் மென்பொருள், மூன்று செல் 5000 எம்ஏஎச் லிப்போ பேட்டரி. இறக்கை 1045, அதாவது பத்து அங்குல நீளம், நாலரை அங்குல பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்). பக்கத்துக் கொலுசுப் பட்டறைத் தராசில் வைத்துப் பார்த்தோம்: 1,280 கிராம். பட்டறைக்காரர் "இவ்வளவு வெள்ளி இருந்தா நான் ரிட்டயர்டு ஆயிடுவேன்" என்றார்.

மோட்டாரைக் கையில் வாங்கியதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. பிளம் பழம் அளவுதான் இருக்கிறது, ஆனால் மூன்று ஒயர் வெளியே வருகிறது. அட, நம்ம திரீ ஃபேஸ்! நம் மோட்டாரில் உள்ளே ரோட்டர் சுற்றும், இதில் காந்தம் ஒட்டிய வெளி ஓடே சுற்றுகிறது. மற்றபடி தம்பி முறைதான்.

சனிக்கிழமை காலையில் அயோத்தியாப்பட்டணம் பக்கம் எங்கள் காட்டுக்குப் போனோம். கடலை பிடுங்கிப் போட்ட காடு, சுற்றிலும் ஆளில்லை. விமான நிலையம் இருக்கும் காமலாபுரம் நேர் எதிர்த்திசை, கட்டுப்பாடு இருக்கும் 12 கிலோமீட்டர் வட்டத்துக்கெல்லாம் வெகு தூரம். ட்ரோனுக்கான அரசாங்க டிஜிட்டல் ஸ்கை வரைபடத்திலும் இடம் பச்சையாக இருக்கிறதா என்று பையன் பார்த்துக்கொண்டான். பச்சை என்றால் 120 மீட்டர் உயரம் வரை போகலாம். எங்களுக்கு 120 சென்டிமீட்டரே போதும் என்கிற நிலைமை.

ஆர்ம் செய்தான், அதாவது மோட்டார்களை உசுப்பினான். நாலும் சுற்றியது. த்ராட்டிலை மெதுவாக ஏற்றினான். பாதிக்குக் கொஞ்சம் கீழே வரும்போது ஒரு கால் எழும்பியது, அவ்வளவுதான். கண் இமைப்பதற்குள் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுத் தலைகீழாகக் கிடந்தது. இறக்கைகள் மண்ணை அரைத்துக்கொண்டே இருந்தன. 30 டிகிரிக்கு மேல் சாய்ந்து 2 விநாடி ஆனால் தானே நிறுத்திவிடும் என்று அதற்குள் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அந்த 2 விநாடியில் இரண்டு இறக்கை போச்சு.

மாற்றிப்போட்டு மறுபடி. இந்தத் தடவை வலது பக்கம், அதுவும் ஒரு முறுக்கோடு. மூன்றாவது தடவை முன் இடது மூலையில் குத்தியது. மொத்தம் ஐந்து இறக்கை. "போர்டு டூப்ளிகேட்டுங்க மாமா, இல்லாட்டி பிஐடி ட்யூனிங் பண்ணணும்" என்றான்.

பிஐடி என்றால் என்ன என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: சாய்வை எவ்வளவு பலமாகத் திருத்துவது என்று போர்டு போடுகிற கணக்கு. ஆனாலும் அந்த வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. ட்யூனிங் சரியில்லாத வண்டி நடுங்கும், ஊஞ்சல் மாதிரி ஆடும். தரையை விட்டு எழும்புவதற்கு முன்னாலேயே இப்படிக் குப்புறத் தள்ளாது. இது கணக்குப் பிழை இல்லை, இணைப்புப் பிழை. நம் கடைக்கு வருகிற பாதிக் கேஸ் அப்படித்தான்: காயில் நன்றாக இருக்கும், டெர்மினலில் மாற்றிக் கொடுத்திருப்பார்கள்.

கடைக்கு வந்ததும் முதல் வேலையாக நாலு இறக்கையையும் கழற்றி டிராயரில் போட்டுப் பூட்டினேன். சாவி என் பையில். லுங்கி கட்டிக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு அந்தச் சுழலும் பிளேடைப் பார்த்தாலே வயிறு கலங்கும். பிறகு பேட்டரி ஒயரில் சீரீஸ் லேம்ப் போட்டேன், அதாவது கரண்ட் ஒரு பல்பு வழியாகத்தான் உள்ளே போகும். பழைய எலக்ட்ரீஷியன்களுக்குத் தெரியும். இங்கே 12 வோல்ட் கார் பல்பு. எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், சாமான் தப்பிக்கும். பல்பு ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தது. ஷார்ட் இல்லை.

அடுத்து போர்டின் திசை. லேப்டாப்பில் ட்ரோனின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானம் ஓடும். ட்ரோனைக் கையால் வலது பக்கம் சாய்த்தால் திரையிலும் வலது சாய்வு வர வேண்டும், மூக்கைத் தாழ்த்தினால் மூக்கு தாழ வேண்டும். போர்டின் மேல் இருக்கும் அம்புக்குறி முன்பக்கம் பார்க்காமல் ஒட்டியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். சரியாக இருந்தது.

அப்புறம் சுழற்சித் திசை. மோட்டார் தண்டில் இன்சுலேஷன் டேப்பை ஒரு அங்குலம் கொடி மாதிரி ஒட்டி, மென்பொருளில் இருக்கும் மோட்டார் டெஸ்ட் பொத்தானை அழுத்தி, விரலைப் பக்கத்தில் கொண்டுபோனால் டேப் எந்தப் பக்கமிருந்து வந்து தட்டுகிறது என்று தெரியும். எக்ஸ் வடிவ நாலு மோட்டார் ட்ரோனில், மேலிருந்து பார்த்தால் முன் வலதும் பின் இடதும் இடஞ்சுழி, முன் இடதும் பின் வலதும் வலஞ்சுழி. நாலும் சரி. எழுத்துப் பொறித்த பக்கம் மேலே, 1045 என்று மட்டும் இருப்பது இடஞ்சுழி மோட்டாருக்கு, 1045ஆர் என்று இருப்பது வலஞ்சுழிக்கு. அவன் போட்டிருந்த இறக்கையும் சரி.

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். எந்தப் பொத்தானுக்கு எந்த மோட்டார் சுற்றியது என்று கவனிக்கவே இல்லை. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது மட்டுமே என் கண்ணில். காயில் கட்டுகிறவன் புத்தி. அதற்குள் வீராணத்திலிருந்து ஒரு போர்வெல் அழைப்பு, டேப்பை எல்லாம் உரித்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்து, "கையில பிடிச்சிட்டுச் சாய்ச்சுப் பார்க்கலாமா மாப்ளே" என்றேன். இறக்கை இல்லாமல் ஆர்ம் செய்து, த்ராட்டிலைக் கொஞ்சமாக வைத்து, ட்ரோனை நடுவில் பிடித்து வலது பக்கம் சாய்க்க வேண்டும். வலது பக்கம் தாழ்கிறது என்று போர்டு உணர்ந்ததும் வலது பக்கத்து இரண்டு மோட்டாரையும் வேகம் கூட்டி அந்தப் பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். தாழ்கிற பக்கம் கத்த வேண்டும், அவ்வளவுதான் விதி. ஒரு எச்சரிக்கை: கையில் பிடித்திருப்பதால் சாய்வு சரியாகவே ஆகாது, போர்டு இன்னும் இன்னும் என்று வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். அது கோளாறு இல்லை. பையன் அதைப் பார்த்துப் பயந்து ட்ரோனைக் கீழே போடப் பார்த்தான்.

வலது பக்கம் சாய்த்தேன். காதை ஒவ்வொரு மோட்டாராகக் கொண்டுபோனேன். முன் வலது கத்துகிறது. பின் வலது சும்மா இருக்கிறது. முன் இடது கத்துகிறது!

மூக்கைத் தாழ்த்தினேன். முன் வலதும் பின் இடதும் கத்தின, குறுக்காக.

அப்போது புரிந்தது. போர்டு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. வலது பக்கத்தைத் தூக்கு என்கிறது, உத்தரவு முன்பக்கத்துக்குப் போய்ச் சேர்கிறது. மூக்கு மேலே போகிறது. மூக்கை இறக்கு என்கிறது, அது குறுக்கு மோட்டார்களுக்குப் போய் வண்டியைப் பம்பரமாகத் திருப்புகிறது. சுற்றை நிறுத்து என்றால் பக்கவாட்டில் சாய்கிறது. மூன்றும் ஒன்றை ஒன்று துரத்துகின்றன. காலையில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பக்கம், முறுக்கோடு கவிழ்ந்ததன் ரகசியம் இதுதான். கவிழும் திசை மாறிக்கொண்டே இருந்தால் மோட்டார் வரிசையைச் சந்தேகிக்கலாம் என்று இப்போது சொல்வேன்.

காரணம் ஒரு படம். ஆர்டுபைலட்டில் மோட்டார் டெஸ்டுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்து. முன் வலதில் தொடங்கி வலஞ்சுழியாகச் சுற்றி வரும்: முன் வலது ஏ, பின் வலது பி, பின் இடது சி, முன் இடது டி. பையன் இதை 1, 2, 3, 4 என்று நினைத்து அதே வரிசையில் சிக்னல் ஒயரைச் செருகிவிட்டான். ஆனால் எண் வரிசை அப்படி இல்லை. முன் வலது 1, பின் இடது 2, முன் இடது 3, பின் வலது 4. அதாவது ஏ என்பது 1, பி என்பது 4, சி என்பது 2, டி என்பது 3. எழுத்து கோயிலைச் சுற்றுகிற மாதிரி போகிறது, எண் குறுக்கே தாண்டித் தாண்டிப் போகிறது. ஏன் இப்படி வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். ரேஸ் ட்ரோன்களில் ஓடும் பீட்டாஃபிளைட்டில் இன்னொரு வரிசை: அங்கே பின் வலதுதான் 1, முன் வலது 2, பின் இடது 3, முன் இடது 4. ஒன்றின் படத்தைப் பார்த்து இன்னொன்றைக் கட்டினால் கதை முடிந்தது.

"மோட்டார் டெஸ்ட் பண்ணினியே, பி அழுத்தறப்ப எது சுத்துச்சு?"

"ஏதோ ஒண்ணு சுத்துச்சுங்க மாமா. நாலும் சுத்துதான்னுதான் பார்த்தேன்."

நானும் அதைத்தானே செய்தேன், திட்ட முடியவில்லை. போர்டு முனையில் மூன்று சிக்னல் ஒயரை இடம் மாற்றினோம். மறுபடி சாய்த்துப் பார்த்தால் தாழ்கிற பக்கம் கத்துகிறது, நாலு திசையிலும். ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு பறக்கும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை. த்ராட்டில் ஏறியது. முன் இடது மூலை தரையில் குத்தி, மூக்கால் உழுதபடி கவிழ்ந்தது. இரண்டு இறக்கை. இன்னொரு தடவை: அதே மூலை, அதே மாதிரி. ஒன்று உடைந்தது. ஆகக் கூடி எட்டு.

"நேத்து நாம மாத்துனது தப்புங்க மாமா. பழையபடி வெச்சுடலாம்" என்று ஒயரில் கை வைத்துவிட்டான். கையைத் தட்டிவிட்டேன். நேற்று வேறு வேறு பக்கம் விழுந்தது, இன்றைக்கு இரண்டு தடவையும் ஒரே மூலை. நோய் மாறியிருக்கிறது. பழைய நோய் போய் வேறொன்று தெரிகிறது. முதல் திருத்தத்தை அந்த இடத்தில் கலைத்திருந்தால் இன்றைக்கும் காட்டில்தான் நின்றுகொண்டிருப்போம்.

மூன்றாவது தடவை தரையை விட்டு எழும்பும் அளவுக்கு ஏற்றாமல், மண் பறக்கிற அளவுக்கு மட்டும் த்ராட்டில் கொடுக்கச் சொல்லி, பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். மார்கழி முடிந்து காய்ந்த செம்மண். மூன்று மூலையில் புழுதி வெளிப்பக்கமாகச் சீறிக்கொண்டு ஓடியது. முன் இடது மூலையில் ஒரு துளி மண்ணும் அசையவில்லை. கடலைச் சருகு ஒன்று அந்தக் காலடியில் அப்படியே கிடந்தது. இறக்கை சுற்றுகிறது, காற்று கீழே வரவில்லை. அப்படியென்றால் மேலே போகிறது!

"அந்த மோட்டார்ல கை வெச்சியா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. நேற்று நான் வீராணம் போனபோது, காலையில் கடைசியாக விழுந்தது முன் இடது மூலை என்பதால், சும்மா முயற்சிக்கு அந்த மோட்டாரின் இரண்டு ஒயரை மாற்றிச் செருகியிருக்கிறான். நான் டேப் ஒட்டிப் பார்த்தது அதற்கு முன்னால். சாயங்காலம் சாய்த்துப் பார்த்தபோது சத்தத்தை மட்டும்தான் கேட்டோம்; சத்தத்துக்குத் திசை கிடையாது.

மூன்று ஃபேஸில் எந்த இரண்டை மாற்றினாலும் மோட்டார் ரிவர்ஸ் சுற்றும். போர்வெல் இறக்குகிறவர்கள் தினமும் செய்கிற வேலை. புது மோட்டார் இறக்கி, ஓடுகிறது ஆனால் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்றால், குழாயை மேலே எடுப்பதற்கு முன் ஸ்டார்ட்டரில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். இங்கேயும் அதேதான். புல்லட் கனெக்டர் இரண்டைப் பிடுங்கி மாற்றிச் செருகினேன், அரை நிமிட வேலை. கடையில் ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு மோட்டாரிலும் ஒரு அட்டை கட்டி, எப்போது என்ன செய்தோம் என்று எழுதித் தொங்கவிடுவோம். அன்றைக்கே ட்ரோனிலும் ஒரு அட்டை கட்டினேன். எடை 4 கிராம் கூடியது, பையனுக்கு அதில் வருத்தம்.

திசை மாற்றியதும் எழும்பியது. நிஜமாகவே எழும்பியது. இடுப்பு உயரத்துக்கு வந்து, இரண்டு விநாடி அசையாமல் நின்றது. பையன் "மாமா!" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. அடுத்து ஒரு கிர்ர் சத்தம், பின் வலது கால் உடைந்த நாற்காலி மாதிரி சரிந்து விழுந்தது. இரண்டு இறக்கை. மறுபடி முயன்றால் அதேபோல எழும்பி, அதே சத்தம், அதே மூலை. ஒன்று. மொத்தக் கணக்கு பதினொன்று. வாங்கி வைத்த இறக்கையும் தீர்ந்தது.

இப்போது எனக்கு ட்ரோன் மேல் கோபம் போய் மரியாதை வந்துவிட்டது. விழுந்தவுடன் கிட்டே போய் (பேட்டரியைப் பிடுங்கிவிட்டுத்தான்) ஒவ்வொரு மோட்டாரையும் தொட்டுப் பார்த்தேன். நாலும் வெதுவெதுப்பு, பெரிய வித்தியாசம் இல்லை. ஒயரைத் தொட்டுக்கொண்டு வந்தேன். பின் வலது மோட்டாரின் நடு ஒயரில், கனெக்டருக்கு மேலே இருக்கும் கறுப்பு ஸ்லீவ் சுட்டது. விரலை வைத்திருக்க முடியாத சூடு. மற்ற பதினொரு ஒயரும் சில்லென்று இருந்தன.

பையன் அதற்குள் போர்டின் எஸ்டி கார்டிலிருந்து லாக் எடுத்துவிட்டான். ஆர்ம் செய்த நேரம் முதல் நடந்தது எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். இதைப் பார்க்க அவனிடம்தான் கற்றுக்கொண்டேன். முதல் நாளே பார்த்திருந்தால் பாதி இறக்கை மிச்சமாகியிருக்கும். இரண்டு கோட்டைப் பார்க்க வேண்டும்: போர்டு விரும்பிய சாய்வு, உண்மையில் இருந்த சாய்வு. இரண்டும் ஒட்டிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் பிரிகின்றன. விரும்பியது பூஜ்யம், இருந்தது 38 டிகிரி. அந்த இடத்தில் நாலு மோட்டாருக்கும் போன உத்தரவைப் பார்த்தால், மற்ற மூன்றும் 1,500ஐச் சுற்றி, அதற்குக் கீழே. நாலாவது மட்டும் 1,950 (எண் கூடினால் வேகம் கூட்டு என்று அர்த்தம்). அதாவது பின் வலது மூலை இறங்குகிறது என்று போர்டுக்குத் தெரிந்திருக்கிறது, "ஏறு, ஏறு" என்று முழுத் தொண்டையில் கத்தியிருக்கிறது, மோட்டார் ஏறவில்லை. இறங்குகிற மூலைக்கு உத்தரவு அதிகமாகப் போயிருந்தால் மூளை சரி, கை கால்தான் கோளாறு. இறங்குகிற மூலைக்கு உத்தரவு குறைந்திருந்தால் மூளைக்குப் போகிற தகவலையோ வரிசையையோ பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டரில் பீப் வைத்தால் மூன்று ஜோடியும் பீப் அடிக்கிறது. இதை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. இந்த மோட்டாரில் இரண்டு முனைக்கு இடையே ஓம் கணக்கில் பத்தில் ஒரு பங்குகூட வராது. சாதாரண மீட்டருக்கு எல்லாமே பூஜ்யம்தான். கடையில் நாங்கள் செய்வது வேறு: பெஞ்ச் சப்ளையில் கரண்டை 3 ஆம்பியரில் நிறுத்தி, ஒவ்வொரு ஜோடிக்கும் கொடுத்து, இரண்டு முனையில் எத்தனை மில்லிவோல்ட் நிற்கிறது என்று பார்ப்பது. நல்ல மோட்டாரில் மூன்று ஜோடியும் 270க்குப் பக்கத்தில். பின் வலதில் முதலுக்கும் மூன்றுக்கும் 269. முதலுக்கும் இரண்டுக்கும் 411. இரண்டுக்கும் மூன்றுக்கும் 415. இரண்டு கெட்ட அளவிலும் பொதுவாக இருப்பது இரண்டாவது ஒயர். சுட்ட ஒயரும் அதுதான்.

பிளேடால் ஸ்லீவைக் கீறினேன். உள்ளே பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் கடைக்கு வந்த அத்தனை புதுப் பையன்களும் முதல் வாரம் செய்கிற தப்பு.

இந்த மலிவு மோட்டாரில் வெளியே வருகிற ஒயர் தனி ஒயர் இல்லை. உள்ளே சுற்றியிருக்கிற அதே காயில் கம்பிகள்தான் கற்றையாக வெளியே வந்து, மேலே ஸ்லீவ் போட்டுக்கொண்டு கனெக்டருக்குப் போகின்றன. காயில் கம்பி என்றால் எனாமல் பூச்சு உண்டு. பார்க்கச் செம்பு மாதிரியே மினுங்கும், ஆனால் மேலே கண்ணுக்குத் தெரியாத சட்டை. தொழிற்சாலையில் நுனியில் எனாமலை நீக்கித்தான் ஈயம் வைத்திருப்பார்கள். பையன் இந்த ஒயர் மட்டும் நீளமாக இறக்கைப் பக்கம் தொங்குகிறது என்று மூன்று சென்டிமீட்டர் வெட்டி, அப்படியே கனெக்டரில் நுழைத்து ஈயம் ஊற்றிவிட்டான். ஈயம் வெளியே பளபளவென்று உருண்டு நிற்கிறது. இழுத்தால் பாதிக் கம்பி உறையிலிருந்து கத்தி வருகிற மாதிரி சுத்தமாகக் கழன்று வந்தது, ஒரு சொட்டு ஈயமும் ஒட்டாமல். வெட்டிய முனை பட்ட இடத்தில் ஏதோ நாலைந்து இழை மட்டும் கரண்டைக் கொண்டுபோயிருக்கிறது. சும்மா சுற்றும்போது அது போதும். வண்டியைத் தூக்கும்போது போதாது, ஒரு ஃபேஸ் பாதி விட்ட மாதிரி ஆகி மோட்டார் தாளம் தப்பிவிடுகிறது. கிர்ர் சத்தம் அதுதான். ஒரு ஃபேஸ் விட்டுப்போய் சிங்கிள் ஃபேசிங் ஆன போர்வெல் மோட்டார் உறுமுவதைக் கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"எனாமல்னு ஒண்ணு இருக்குதுன்னே தெரியாதுங்க மாமா."

"காயில் கட்டற கடையில வளர்ந்தவன் நீ" என்றேன்.

கம்பிகளை விரித்து, பிளேடின் முதுகால் ஒவ்வொரு இழையாகச் சுற்றிச் சுற்றிச் சுரண்டினோம். கத்திப் பக்கத்தால் சுரண்டினால் கம்பியில் கீறல் விழுந்து, பிறகு அதிர்வில் அங்கேயே ஒடியும். தீக்குச்சி காட்டி எரிக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, கம்பி கருகி ஈயம் ஒட்ட இன்னும் அடம் பிடிக்கும். கடைசியாக உப்புத்தாள். செம்பு ரோஸ் நிறத்துக்கு வந்ததும் முதலில் கம்பிக்கு ஈயம் பூசி, ஈயம் இழைகளுக்கு நடுவே ஊறுவதைக் கண்ணால் பார்த்து, அப்புறம் கனெக்டரில் வைத்தோம். முக்கால் மணி நேரம். அளந்தால் 268, 271, 270.

புது இறக்கை செவ்வாய்க்கிழமை வந்தது. காட்டில் ஆறு நிமிடம் நின்றது. இறக்கும்போது ஒரு தத்தல், அவ்வளவுதான். அக்கா வரப்பில் நின்று பார்த்துவிட்டு "இதுக்குத்தானா இத்தனை நாளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வாரமே ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவும் பைக்கில், பின்னால் பையன் ட்ரோனைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு. நாகலூர் போகும் வழியில் தெரிந்தவர் எஸ்டேட். அங்கே சமதரையே கிடையாது. சரிவில் வைத்துக் கிளப்பினால் கால் தரையில் இருக்கும்போதே போர்டு மட்டமாக்கப் பார்த்து வண்டியைத் தள்ளிவிடும். இன்னொரு குட்டிக்கரணத்துக்கு நான் தயாராக இல்லை. காபி உலர்த்தும் சிமென்ட் களம் ஒன்றுதான் மட்டமாக இருந்தது. ஒரு பாதியில் காபி காய்ந்துகொண்டிருந்தது, மறு பாதி காலி.

சுத்தமாக எழும்பியது. சில்வர் ஓக் மர உச்சி வரை போய், மிளகுக் கொடிகளுக்கு மேலே நின்றது. பிறகு லாக் எடுத்துப் பார்த்தால் காட்டில் மிதக்க முழு 1இல் 0.41 த்ராட்டில், இங்கே 0.46. சேலத்தை விட ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரம், காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் லேசு, அதனால் இறக்கை கூட உழைக்கிறது. பேட்டரி நேரத்தையும் அதற்கேற்பக் குறைத்து அட்டையில் எழுதிக்கொண்டோம்.

இறங்குகிறபோதுதான் வினை. களத்தின் ஓரத்தில் குவிந்திருந்த சில்வர் ஓக் சருகையும் தூசியையும் கீழ்க்காற்று அள்ளி, காய்கிற காபி முழுக்கப் பரப்பிவிட்டது. எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் வீட்டுக்குள்ளிருந்து துண்டைத் தோளில் போட்டபடி வந்து, களத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் இரண்டு முறத்தை எடுத்து நீட்டினார். மத்தியானம் வரை குனிந்து சருகு பொறுக்கினோம்.